இரண்டாவது மாத்திரை

மாத்திரை உள்ளே போய்விட்டது, தண்ணீரும் குடித்தாகிவிட்டது, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்துவிட்டேன், அதற்கப்புறம்தான் போன் கேட்கிறது, நீங்கள் மாத்திரை எடுத்துக்கொண்டீர்களா என்று. சாயங்காலம் மணி ஏழு. நான் முந்திக்கொண்டேன், இவள் பிந்தி வருகிறாள். ஆத்தூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக நின்ற காலத்தில் பிந்தி வந்த டிரைவர்களை இந்த அர்த்தநாரி என்ன பேச்சுப் பேசியிருக்கிறான் என்று இவளுக்குத் தெரியாது. போனுக்குள் இருக்கிற குரல்தானே, பேரில்லை, ஊரில்லை, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி சுத்தமான தமிழ். எடுத்துக்கொண்டீர்களா. எடுத்துக்கொண்டேன் தாயே, எடுத்துக்கொண்டேன், ஆனால் அமுக்க மாட்டேன். திரையில் மேகலாவின் உள்ளங்கை வந்து நிற்கிறது, அதன் நடுவில் ரோஸ் நிறத்தில் அந்த மாத்திரை. என் மகள். என்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்து, லீவு முடிந்து புனேவுக்குத் திரும்புவதற்கு முன்னால் இந்த ஆப்பை என் போனில் ஏற்றி, ஒவ்வொரு மாத்திரையையும் தன் உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்துப் போட்டுவிட்டுப் போனாள், அப்பாவுக்குப் பேர் படிக்கக் கஷ்டமாக இருக்கும், படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று. எனக்குப் பேர் நன்றாகவே படிக்க வரும். நான் சொல்லவில்லை. கைக்குக் கீழே ரெண்டு பொத்தான், எடுத்துக்கொண்டேன் என்று பச்சையில் ஒன்று, பிறகு என்று சாம்பல் நிறத்தில் ஒன்று. பச்சையை அமுக்கினால் புனேவில் அவளுடைய போனில் பச்சை டிக் விழும். எதையும் அமுக்காமல் விட்டால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்கும், அப்புறம் இன்னொரு தரம் கேட்கும், அதற்கும் பதில் இல்லையென்றால் அங்கே சிவப்பாகிவிடும். சிவப்பானால் மேகலா கூப்பிடுவாள். அவ்வளவுதான் விஷயம். அதற்குத்தான் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

குரல் அடங்கிவிட்டது. காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொள்கிறேன், அப்படித்தான் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சர்வீஸ் முழுக்க நின்றே கெட்ட கால். டைம் கீப்பருக்கு ரூம் உண்டு, நாற்காலியும் உண்டு, ஆனால் நான் உட்கார்ந்தால் டிரைவர்கள் டீக்கடையில் உட்கார்ந்துகொள்வார்கள், அதனால் விசிலும் வாயுமாக நின்றுகொண்டே இருப்பேன், சேலம் வண்டி எடு, எடு எடு, பின்னால பெரம்பலூர் வண்டி நிக்குது பாரு. அந்தக் காலில்தான் ரத்தம் கட்டிக்கொண்டது. கெண்டைக்கால் பலாக்கொட்டை மாதிரி இறுகிப்போய், தொட்டால் சுட்டது. அந்தக் கட்டி நகர்ந்து நெஞ்சுக்குப் போயிருந்தால் ஆள் காலி என்றார்கள். ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளத்தான் இந்த ரோஸ் மாத்திரை. டிஸ்சார்ஜ் அன்றைக்கு டாக்டர் என்னையும் மேகலாவையும் எதிரே உட்கார வைத்துச் சொன்னார், இதில் ஒன்று குறைந்தாலும் ஆபத்து, ஒன்று கூடினாலும் ஆபத்து, கூடினால் ரத்தம் நிற்காது, பல்லில் ரத்தம் வந்தாலோ தோலில் நீலம் கண்டாலோ யாரையும் கேட்காமல் நேரே இங்கே வந்துவிடணும். வந்திருக்கிறது. முழங்கைக்குக் கீழே நீலமாக ஒன்று, எங்கேயும் இடித்துக்கொண்ட ஞாபகம் இல்லை, வந்த புதிதில் புளியங்கொட்டை அளவு, நேற்றைக்கு நெல்லிக்காய் அளவு, இன்றைக்குக் கையில் பாதியைப் பிடித்துவிட்டது. காலையில் பல் தேய்த்துத் துப்பினேன், நுரை ரோஸாக இருந்தது, அச்சு அசல் மாத்திரை நிறம். முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் வந்த பயம் இன்னும் போகவில்லை. பயந்தவன் என்ன செய்யணும், இதோ போன் பக்கத்தில் இருக்கிறது, ஒரு விரல், பச்சை விழுந்துவிடும், அவள் கூப்பிட மாட்டாள், ரெண்டாவது மாத்திரை போடவேண்டி வராது. விரல் போகமாட்டேன் என்கிறது.

ஆப்பில் அவள் பேருக்கு நேரே பராமரிப்பாளர் என்று போட்டிருக்கிறது. ரவுண்டானாவில் பலகை வைத்திருப்பார்களே, இந்த இடம் இன்னாரால் பராமரிக்கப்படுகிறது என்று, அந்த மாதிரி. நான் ஒரு ரவுண்டானா. சரி, ஆகட்டும். இந்த ஆப் வருவதற்கு முன்னால், அவள் அம்மா போன பிறகு, எங்களுக்குள் ரெண்டே ரெண்டு கேள்விதான் இருந்தது. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. அப்போது பிரஷருக்கு மட்டும்தான் மாத்திரை. இந்த ரெண்டையும் கேட்கத் தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள். ம் என்பேன். அதற்கும் ம் என்பேன். வேறென்னப்பா என்பாள், ஒன்றுமில்லை என்பேன், வெச்சிடட்டுமா என்பாள். அவ்வளவுதான், ஒரு வண்டியை ரிவர்ஸ் எடுக்கிற நேரம்கூட இருக்காது, ஆனாலும் அதற்காக நான் சாயங்கால டீக்கு வெளியே போகாமல் வீட்டிலேயே கிடந்திருக்கிறேன். ஆப் வந்ததும் மாத்திரைக் கேள்வியை ஆப் எடுத்துக்கொண்டது. மிஞ்சியது ஒரு கேள்வி. ஒற்றைக் கேள்விக்காக யார் தினமும் போன் போடுவார்கள். அவள்மேல் தப்பில்லை. ஆபீஸ், சமையல், அந்த ஊர் டிராபிக். பச்சை விழுந்தால் அப்பா நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம், நன்றாக இருக்கிறவரைக் கூப்பிட்டு என்ன கேட்பது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆயிற்று, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்று ஆயிற்று. நானும் டைம் கீப்பர் கெத்தில் டாண் டாண் என்று அமுக்கிக்கொண்டிருந்தேன், ஒரு வண்டி லேட் இல்லை. என் மகளை நானே விசில் ஊதி அனுப்பிக்கொண்டிருக்கிறேன் என்று புரியவே நாளாயிற்று.

ஒரு சாயங்காலம் நிஜமாகவே அசந்து தூங்கிவிட்டேன். போன் அலறியது, எடுத்தால் வீடியோவில் அவள் முகம், இத்தனை கிட்டத்தில், பயந்துபோய். ஏன்ப்பா போடலை, உடம்புக்கு என்ன, எங்க இருக்கீங்க. தூங்கிட்டேன் என்றேன். போடுங்க, நான் லைன்ல இருக்கேன் என்றாள். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு மாத்திரை எடுக்கப் போனேன். நான் பக்கத்தில் இல்லை என்று நினைத்து அவள் அங்கே தன்பாட்டுக்கு ஏதோ முனகிப் பாடிக்கொண்டிருந்தாள், பாத்திரம் கழுவுகிற சத்தம், தினகர் ஜன்னலைச் சாத்துங்க என்று அவள் வீட்டுக்காரரிடம் சொல்கிற சத்தம். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பீரோ ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்று கேட்டேன். வந்து முழுங்கியதும் நாக்கைத் தூக்கிக் காட்டுங்க என்றாள். சின்னதில் அவள் மருந்தைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு கொல்லையில் போய்த் துப்புவாள், அவள் அம்மா இப்படித்தான் வாயைத் திறக்கச் சொல்வாள். தூக்கிக் காட்டினேன். சிரித்தாள். அப்புறம் சொன்னாள், இங்க மழைப்பா, காயப்போட்ட துணியெல்லாம் நனைஞ்சு போச்சு. என்னிடம் சொன்னாள். அவள் ஊரில் மழை பெய்கிற செய்தி நேராக என்னிடம் வந்தது அன்றைக்குத்தான். ஒரு வாரத்துக்கு அதை நினைத்துக்கொண்டு கிடந்தேன், பைத்தியக்காரன் மாதிரி டிவியில் மகாராஷ்டிரா மழையெல்லாம் பார்த்தேன். அப்புறம் ஒரு நாள் மாத்திரையைப் போட்டுவிட்டு அமுக்காமல் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டாள். போட்டுட்டேன், அமுக்க மறந்துட்டேன் என்றேன், உண்மையில் பாதி. சரிப்பா, அமுக்கிடுங்க, வெச்சிடட்டுமா என்றாள். வைத்துவிட்டாள். அதுதான் பாடம். அதற்கடுத்த தரம் போடலை என்றேன். போடுங்க, நான் லைன்ல இருக்கேன்.

போட்டேன். ஏற்கெனவே ஒன்று உள்ளே இருக்க, அவள் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொன்று. ஏமாற்றிப் பார்க்கவும் செய்தேன், மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கினால் நாக்கைத் தூக்கச் சொல்கிறாள், கன்னத்தில் ஒதுக்கினால் பேச வரமாட்டேன் என்கிறது, பேசுவதற்குத்தானே இத்தனையும். தினமும் இல்லை. ஒரு நாள் செய்தால் ரெண்டு மூன்று நாள் ஒழுங்காக அமுக்குவேன், அப்புறம் மறுபடி கை துறுதுறுக்கும். அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் குரலே மாறிவிட்டது, இன்னும் பொறுமையாக, இன்னும் நீளமாக. ஆபீஸில் நாற்காலி மாற்றிவிட்டார்களாம், முதுகு வலிக்கிறதாம். மாடி வீட்டு மராத்திக்காரம்மா கத்தரிக்காய்க்கு வெல்லம் போடுவாளாம். ஒவ்வொரு சேதிக்கும் ஒரு மாத்திரை. கையில் நீலம் வந்தபோது எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது, நான் ஒன்றும் விவரம் கெட்டவன் இல்லை. புரிந்தும் போன வெள்ளிக்கிழமை போட்டேன், முந்தாநாள் போட்டேன். முந்தாநாள் அவள் அழுகிற மாதிரி இருந்தாள், ஏன் என்று கேட்டிருக்கணும், எனக்குத்தான் கேட்கத் தெரியாதே, ம் என்றேன். அவள் மனசு சரியில்லாமல் இருந்தாளா, இல்லை எனக்கு மறதி முற்றுகிறது என்று அழுதாளா. என்னால் அழுதாளா. ரெண்டு நாளாக இதே இடத்தில் வந்து இடிக்கிறேன்.

நீங்கள் மாத்திரை எடுத்துக்கொண்டீர்களா. இது ரெண்டாவது தரம். மறுபடி அந்த உள்ளங்கை. ஆயுள் ரேகை அவள் அம்மாவுக்கு மாதிரியே நடுவில் கிளை பிரிகிறது, அவளுக்காவது நீளமாக இருக்கட்டும். ஜன்னல் வழியாக ஜவ்வரிசி மில்லின் புளித்த வாடை வருகிறது, கிழங்கு சீசன், லாரி லாரியாக மரவள்ளி இறங்குகிறது. வெளியூர்க்காரன் மூக்கைப் பிடிப்பான், எங்களுக்கு அது உறைக்காது. மேகலா மட்டும் லீவில் வந்தால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இந்த வாடையை இழுத்து மூச்சு விடுவாள், அவள் அம்மா பூங்கொடிதான் சொல்வாள், பாருங்க உங்க மகளுக்கு இந்த நாத்தம்கூட இனிக்குது என்று. கீழ் வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. செல்வமணியின் சம்சாரம் சோறு வைக்கிறாள். செல்வமணி மினி லாரி ஓட்டுகிறவன், நம் வீட்டுக் கீழ்ப்போர்ஷனில் ரொம்ப நாளாகக் குடியிருக்கிறான், நல்ல பையன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். காலையில் தண்ணீர் பிடிக்கும்போது என் கையைப் பார்த்துவிட்டான். என்னங்கண்ணா இது இப்படி நீலம் பாரிச்சிருக்கு, மேகலா பாப்பாவுக்குத் தெரியுமா என்றான். நான் குடத்தைப் பார்த்தேன். நீங்க சொல்ல மாட்டீங்க, நான் வேணா பாப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடட்டுங்களா என்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வண்டியை நிறுத்திட்டு வா, பார்க்கலாம் என்றேன். இதோ வண்டி நிற்கிறது, அவன் வந்துவிட்டான், கூப்பிட்டால் ரெண்டெட்டில் மேலே வருவான். போன் வரும்போது அவனிடம் கொடுத்துவிட்டால் போதும், அவன் சொல்லிவிடுவான், நான் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கலாம். எனக்குக் கைவந்த வேலை.

இரு, அம்மாகிட்ட குடுக்கறேன். என் மகளிடம் நான் வாழ்நாளில் அதிகம் சொன்ன வார்த்தை இதுவாகத்தான் இருக்கும். கோயமுத்தூர் ஹாஸ்டலில் இருந்து கூப்பிடுவாள். போன் என் பக்கத்தில்தான் இருக்கும், நான்தான் எடுப்பேன், எடுப்பதற்கு ஒரு அவசரம் வேறு, அடுப்பில் இருக்கிற பூங்கொடி கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் எடுத்துவிடுவேன். அப்பா, நான்தான். ம், இரு, அம்மாகிட்ட குடுக்கறேன். கொடுத்துவிட்டு எழுந்து போகவும் மாட்டேன், பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு பூங்கொடி பேசுகிற பாதியைக் கேட்டு, அந்தப் பக்கத்துப் பாதியை நானாக நிரப்பிக்கொள்வேன். வைத்த பிறகு அவள் எனக்கு ஒப்பிப்பாள், நல்லாத்தான் இருக்கா, சளி பிடிச்சிருக்காம், உங்களைக் கேட்டா. உங்களைக் கேட்டா என்பதைப் பூங்கொடியாகச் சேர்த்துக்கொண்டாளோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். எனக்கு என்ன கேடு. பஸ் ஸ்டாண்டில் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்துகிறவன், மைக் இல்லாமல் பேசுவான் அர்த்தநாரி என்பார்கள். அவள் குரலைக் கேட்டதும் தொண்டையில் ஏதோ வந்து அடைக்கும், அது வெளியே தெரிவதற்குள் போனைக் கைமாற்றிவிடணும், அவ்வளவுதான். வேலை கிடைத்த அன்றைக்கு அவள் கூப்பிட்டது ஞாபகம் இருக்கிறது. அப்பா, வேலை கிடைச்சிடுச்சு என்றாள். இரு என்றேன். ரிசீவர் காதை விட்டு நகர்ந்துகொண்டிருந்தபோது அவள் சொன்னது கேட்டது, இல்லப்பா, உங்ககிட்டதான். உங்ககிட்டதான். அதற்கப்புறம் என்ன சொல்ல இருந்தாள், உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன் என்றா, உங்ககிட்டதான் பேசணும் என்றா. பூங்கொடி வாங்கிக்கொண்டாள், சிரிப்பும் அழுகையுமாகப் பேசினாள், நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பக் கேட்க எத்தனை சந்தர்ப்பம் இருந்தது. கேட்கவே இல்லை.

அதைக்கூட விட்டுவிடலாம், மனசு அதோடு நிற்கவில்லை, அடுத்ததற்குப் போகிறது, போகாதே என்றாலும் போகிறது. பூங்கொடி விடியற்காலையில் போனாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், செல்வமணி வண்டி எடுத்து வருவதற்குள் முடிந்துவிட்டது. நான்தான் மேகலாவுக்குப் போன் போட்டேன். என் விரல்தான் அமுக்கியது, அது நிச்சயம். அவள் எடுத்ததும், அப்பா, நீங்களா கூப்பிடறீங்க என்றாள். நான் எப்போதும் கூப்பிடுகிறவன் இல்லையே. அந்தக் கேள்வியிலேயே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது, மீதியை நான் சொல்லணும். இரு என்றேன். அம்மாகிட்ட என்பது வாய்வரை வந்துவிட்டது. அம்மா தரையில் கிடக்கிறாள். பக்கத்தில் செல்வமணி நின்றான், அவன் கையில் கொடுத்துவிட்டேன். பெற்ற தாய் செத்த சேதியை என் மகள் ஒரு குடித்தனக்காரன் வாயால் கேட்டாள். காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, பூங்கொடியின் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள், நீங்களே சொல்லியிருக்கலாம்லப்பா. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன், எனக்குக் கோபம் நன்றாக வரும். சாதாரணமாகச் சொன்னாள். ம் என்றேன். அன்றைக்குச் சாயங்காலம் பிடித்துத்தான் அந்த ரெண்டு கேள்வி. சாப்பிட்டீங்களா. மாத்திரை போட்டீங்களா. அதற்கு மேல் என்னிடம் கேட்க வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டாள் போலிருக்கிறது, எனக்கும் அதற்கு மேல் எதைக் கேட்கவும் முகமில்லை. இன்றைக்கு நானாக அவளைக் கூப்பிடலாமே என்று யாரும் கேட்கலாம். நானாகக் கூப்பிட்டால் என் மகள் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பாள்.

நீங்கள் மாத்திரை எடுத்துக்கொண்டீர்களா. மூன்றாவது தரம், இதோடு இவள் ஓய்ந்துவிடுவாள். அட்டையைப் பிதுக்கி ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொள்கிறேன். எதற்கு வைத்துக்கொள்கிறேன், போடப் போகிறேனா. போட்டால் இன்றைக்கும் ஒரு சேதி கிடைக்கும். ஒன்றே ஒன்று கூடுதலாகப் போட்டால் ஆள் செத்தா போய்விடுவான். போகலாம். தூக்கத்தில் தலைக்குள் ரத்தம் கசிந்து போகலாம், டாக்டர் அதையும்தான் சொன்னார். அப்போது செல்வமணிதான் சொல்வான், மேகலாவுக்கு, போனில், மறுபடியும். பாப்பா, ஒரு விஷயம், கொஞ்சம் உக்காந்துக்கிட்டு கேளு. தகப்பன் செத்ததையும் அவன் வாயாலேயே கேட்பாள், அதற்கப்புறம் ஆப்பைத் திறந்து பார்ப்பாள், சிவப்பு சிவப்பாக இருக்கும், நான் சொல்லிச் சொல்லியும் மறந்துட்டாரே என்று ஆயுசுக்கும் அழுவாள். மறக்கவில்லையே. ஒரு நாளும் மறக்கவில்லையே. சரி, போடாமல் விட்டுவிட்டு, போட்டேன், அமுக்கலை என்றால்? சரிப்பா, வெச்சிடட்டுமா என்பாள். கையையும் பல்லையும் சொல்லணும், சொன்னால் எப்படி என்பாள், எப்படி என்றால் எல்லாவற்றையும் சொல்லணும், நீ கூப்பிடணும்னுதான் செஞ்சேன் என்று ஒரு தகப்பன் எந்த வாயால் சொல்வான். செல்வமணியைக் கூப்பிட்டால் எல்லாம் சுலபம். மாடிப்படிதானே. இந்த நினைப்பே எத்தனை சுகமாக இருக்கிறது, வெட்கமில்லாமல். கீழே அவன் பெண்டாட்டியிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். கை வேர்த்துவிட்டது, மாத்திரையின் ரோஸ் சாயம் உள்ளங்கையில் ஒட்டத் தொடங்கிவிட்டது. போன் அடிக்கிறது.

மேகலா. இன்றைக்குத் தலையை வாராமல் அள்ளி முடிந்திருக்கிறாள், கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறது, பின்னால் சமையலறைச் சுவர். அப்பா, இன்னிக்கும் சிவப்பாவே இருக்கு, எடுங்க, போடுங்க, நான் லைன்ல இருக்கேன் என்று ஒரே மூச்சில் சொல்கிறாள். கை தானாக வாய்க்குப் போகிறது. பாதியில் நிற்கிறது. இரு என்கிறேன். வாய் பழகிய பழக்கத்தில் சொல்லிவிட்டது, அதற்கடுத்த வார்த்தைக்கு யாரும் இல்லை. அவள் காத்திருக்கிறாள். தண்ணி எடுக்கப் போறீங்களாப்பா என்கிறாள். இல்லை என்கிறேன். மாத்திரை இருக்கிற கையை மடிமேல் இறக்கி வைக்கிறேன்.

"நான் போட்டுட்டேம்மா. ஏழு மணிக்கு முன்னாடியே போட்டுட்டேன்."

சரிப்பா, அப்ப அமுக்கிடுங்க, வெச் என்று அவள் முடிப்பதற்குள் வெக்காத என்று கத்திவிட்டேன், பஸ் ஸ்டாண்டுக் குரல், அவளே ஒரு கணம் பின்னால் போகிறாள். மெதுவாகச் சொல்கிறேன். மறக்கவில்லை. ஒரு நாளும் மறக்கவில்லை. போட்டுவிட்டுத்தான் அமுக்காமல் இருந்தேன். அமுக்கினா நீ கூப்பிட மாட்ட. அவளுக்குப் புரியவில்லை, அப்புறம் புரிகிறது, முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

"அப்ப நான் போடச் சொன்னப்பல்லாம்?"

"அதையும் போட்டேன்."

கையைத் தூக்கித் திரைக்கு நேரே காட்டுகிறேன், வெளிச்சம் பற்றவில்லை, லைட் பக்கம் திருப்பிக் காட்டுகிறேன். பல்லிலும் காலையில் ரத்தம் வந்தது என்கிறேன். இதையாவது நானே சொல்லிடலாம்னுதான் என்கிறேன், அது வெளியே வந்ததா, பாதிதான் வந்ததா தெரியவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்க்கிறாள். திட்டுவாள், திட்டட்டும். திட்டவில்லை. தலையைத் திருப்பிக் கதவுப் பக்கம் பார்க்கிறாள்.

"அப்பா, இருங்க. இவர்கிட்ட குடுக்கறேன்."

திரை ஆடுகிறது. சுவர் போகிறது, டியூப் லைட் போகிறது, வெள்ளையாக விட்டம் வந்து நிற்கிறது, நடுவில் ஃபேன் சுற்றுகிறது. போனை எங்கோ மல்லாக்க வைத்துவிட்டாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். அது என் குரல். வெறுப்பில் சொல்கிறவன் அப்படிச் சொல்லமாட்டான், அக்கறை இல்லாதவனும் சொல்லமாட்டான், அடைத்த தொண்டையை மறைக்கத்தான் அதைச் சொல்வது, சொல்லிப் பழகியவனுக்குத் தெரியும். ஆனால் இந்தப் பக்கம் இருந்து கேட்டால் இப்படி இருக்கும் என்று எனக்கு இத்தனை வயதுக்குத் தெரியாது. முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கிறது. எத்தனை தரம் இவள் ஹாஸ்டல் வராந்தாவில் போனைப் பிடித்துக்கொண்டு, சாத்திய கதவுக்கு முன்னால் இப்படி நின்றிருப்பாள். அன்றைக்கு விடியற்காலையில் நின்றிருப்பாள். அந்தப் பக்கம் யாரோ நடந்து வருகிற சத்தம், என்ன மேகலா என்று தினகரின் குரல்.

"வேண்டாம்மா. மாப்பிள்ளைகிட்ட குடுக்காத. நீயே இரு."

ஃபேன் சுற்றுகிறது. நான் ஒரு தரமும் போகாத வீட்டின் விட்டம், பூங்கொடி மட்டும் ஒரு முறை போய்விட்டு வந்தாள், வீடு நல்ல வெளிச்சமா இருக்குதுங்க என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கிறது. அது நிற்கட்டும் என்று காத்திருக்கிறேன். காத்திருப்பதில் எனக்கு அவசரமே இல்லாதது இன்றைக்குத்தான். ரொம்ப நேரம் கழித்து, முகம் வராமல் குரல் மட்டும் வருகிறது, லைன்லதான் இருக்கேன்ப்பா என்று. அப்புறம் முகமும் வருகிறது, நனைந்துபோய், அவள் அம்மா மாதிரி அதட்டிக்கொண்டு. அந்த மாத்திரையைக் கீழ போடுங்க. செல்வமணி அண்ணனைக் கூப்பிடுங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, நீங்க போய்ச் சேர்ற வரைக்கும் நான் வெக்க மாட்டேன். மாத்திரையை ஜன்னல் கட்டையில் வைக்கிறேன், உள்ளங்கையில் ரோஸ் கறை அப்படியே இருக்கிறது. எட்டிப் பார்த்துச் செல்வமணி என்று கூப்பிடுகிறேன், தெருவே திரும்பிப் பார்க்கிறது. அவன் சோற்றுக்கையோடு படியேறி ஓடி வருகிறான், என் முகத்தைப் பார்க்கிறான், திரையில் பாப்பா அழுவதைப் பார்க்கிறான், அவனுக்குப் புரிந்துவிடுகிறது. நல்ல பையன், இந்த வீட்டின் வழக்கம் தெரிந்தவன், கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு நீட்டுகிறான்.

"குடுங்கண்ணா, நான் சொல்லிக்கறேன்."

நான் கொடுக்கவில்லை.